காது கேளாமை குறையா, அடையாளமா?

"யாழ்ப்பாணத்தில் என் பெறாமகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அது குறையில்லை, ஓர் அடையாளம் என்கிறார்கள் சிலர். எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எவ்வளவு கேட்கவில்லை, கருவி பொருத்தினால் எவ்வளவு கேட்கும் என்பது வைத்தியரின் கணக்கு. அதுவும் தேவைதான். ஆனால் செவிப்புலனற்றோர் பலர் தங்களைத் தனி மொழி உள்ள மக்களாகவே பார்க்கிறார்கள். சைகை மொழிக்கு முழுமையான இலக்கணம் உண்டு. அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து 1960 இல் மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கோ அதை மற்றவர்கள் ஏற்க வழி திறந்தார். அதில் புருவத்தை உயர்த்தினாலே ஒரு வாக்கியம் கேள்வியாகிவிடும்!

குறை என்று சொன்னால் அவர்களில் பலருக்கு வரும் கோபத்துக்கு வரலாறும் உண்டு. 1880 இல் மிலானில் கூடிய செவிப்புலனற்றோர் கல்வி மாநாடு சைகையைவிட வாய்ப்பேச்சு முறையே மேல் என்று தீர்மானித்தது. பல நாடுகளின் வகுப்பறைகளிலிருந்து சைகை விரட்டப்பட்டது. 2010 இல்தான் வான்கூவர் மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்தது. இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை செவிப்புலனற்றோர் பண்பாட்டைப் பெயர் சொல்லியே அங்கீகரிக்கிறது.

செவிப்புலனற்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அதனால் இந்த மொழி பெரும்பாலும் தாயிடமிருந்து வராது, தன்னைப் போன்ற பிள்ளைகளிடமிருந்தே வரும். செவிப்புலனற்ற பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலை போன்ற இடங்கள் அதற்காகவே எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

சரி, கருவி வேண்டாமா? அது குடும்பத்தின் முடிவு. ஆனால் அது பலன் தரும்வரை பிள்ளை மொழியில்லாமல் காத்திருக்கக் கூடாது. சின்ன வயதில் இழந்த மொழியைப் பிறகு ஈடுசெய்வது மிகக் கடினம். வீட்டில் எல்லோரும் இப்போதே சைகை பழகுங்கள். கலியாண வீட்டில் எல்லோரும் கதைத்துச் சிரிக்கும்போது அவளுக்கும் விஷயம் தெரியவேண்டும்.