தையல்கார அக்கா பதில்கள்

கேள்வி: மாமியார் விட்டுப்போன சுங்குடிப் புடவைகள் பெட்டி நிறைய இருக்கின்றன. கட்டுவதற்கு ஆளில்லை, தூக்கிப் போட மனமில்லை. என்ன செய்யலாம் அக்கா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள் தங்கச்சி. ஐந்தரை மீட்டரும் ஒரே மாதிரி நைந்திருக்காது. உட்காரும் இடமும், கொசுவத்தின் அடியில் குதிகால் மிதிக்கும் இடமும் நூல் நூலாகப் போயிருக்கும். இடுப்பில் உள்ளே செருகும் பகுதி மட்டும் நேற்று வாங்கியது போல் கெட்டியாக இருக்கும். சந்தேகமான இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள். ‘டர்’ரென்று விட்டுக்கொடுத்தால் அது துடைக்கும் துணிக்குத்தான் லாயக்கு.

கெட்டியான பகுதியில் கடைக்குக் கொண்டுபோகும் பை தையுங்கள். சுங்குடி மெல்லிய துணி. இரண்டு மடிப்பாக வைத்துத் தைக்க வேண்டும். 16 அங்குல அகலம், 18 அங்குல உயரம் போதும். பை அடியில் கிழிவதைவிடக் காது சேரும் இடத்தில் கிழிவதுதான் அதிகம். ஆகவே புடவைக் கரையை நீளவாக்கில் வெட்டி, நான்காக மடித்துக் காதாக்குங்கள். சேருமிடத்தில் சதுரமாகத் தையல் ஓட்டி, அதற்குள் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு தையல் போடுங்கள். ஐந்து கிலோ அரிசியைக் கவலையில்லாமல் தூக்கலாம்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசு இயக்கமே தொடங்கியது. இருந்தும் காய்கறிக் கடையில் “ஒரு கவர் கொடுங்கள்” என்று நிற்கிறோம். பை இல்லாமலா? அது வீட்டில் ஆணியில் தொங்குகிறது. சுங்குடிப் பையைச் சுருட்டினால் கைப்பைக்குள் அடங்கிவிடும். கெட்டித் துணிப் பையைவிட அதை நான் உயர்வாகச் சொல்வது இதனால்தான்.

நைந்த பகுதியை இரண்டு அங்குல நாடாக்களாகக் கிழித்துக்கொள்ளுங்கள். கத்தரி வேண்டாம், ஓரத்தில் சிறிது வெட்டிவிட்டுக் கையால் கிழித்தால் நூல் போகிற வழியிலேயே நேராக வரும். மூன்று நாடாவைச் சடை பின்னி, வட்டமாகச் சுற்றிக்கொண்டே கோணி ஊசியால் தைத்தால் கால்மிதி தயார். மடியில் வைத்துத் தைத்தால் இழுத்து இழுத்து நடு குழிந்துவிடும். தரையில் வைத்துத் தையுங்கள்.

பெட்டியில் நைலான் புடவை கலந்திருந்தால் தனியே எடுத்துவிடுங்கள். அதில் அடுப்படிப் பிடிதுணி தைத்தால் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். நல்லதாக ஒரு நூல் புடவையை வெட்டாமல் வையுங்கள், தூளி கட்டுவதற்கு.

கேள்வி: பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு துகள் துகளாக உதிர்கிறது. பீர்க்கங்காய் நார் எப்படி எடுப்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கொடியில் ஒன்றிரண்டு காயைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். ஆசையாக இருக்கும், பறித்துவிடாதீர்கள். தோல் பழுப்பாகி, காய் எடையற்றுப் போய், ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று உருள வேண்டும். அப்போது நுனியை உடைத்து விதைகளைக் கொட்டிக்கொள்ளுங்கள். ஆடிப் பட்டத்துக்கு விதை வாங்கும் செலவு மிச்சம். காயைத் தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் கையோடு உரிந்து வரும். உள்ளே இருக்கும் வலைதான் நார். முதலில் முரடாக இருக்கும், வெந்நீரில் நனைத்தால் இளகும். தேய்த்து முடித்ததும் வெயிலில் தொங்கவிடுங்கள். தொட்டியோரம் ஈரத்தில் கிடந்தால் வழவழத்து நாற்றமெடுக்கும். தேய்ந்துபோனதை செடித் தொட்டி மண்ணில் புதைத்துவிடலாம்.

கேள்வி: வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயில் சோப்பு செய்தால் செலவு மிச்சமாகுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கால்மிதியும் கைத்துணியும் துவைக்கிற சோப்பு என்றால் ஆகும். புதுத் தேங்காய் எண்ணெய் வாங்கிச் செய்தால் அது சிக்கனமே அல்ல, பொழுதுபோக்கு.

எண்ணெயைச் சோப்பாக்குவது காஸ்டிக் சோடா; அதில் எல்லா எண்ணெய்க்கும் ஒரே அளவு கிடையாது. அரைக் கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 87 கிராம் வேண்டும்; அதே எடைக் கடலை எண்ணெய்க்கு 64 கிராம்தான். தேங்காய் எண்ணெய் அளவைக் கடலை எண்ணெய்க்குப் போட்டால் சோப்பு கையை அரித்துவிடும். எண்ணெயையும் தராசில் நிறுங்கள், படியால் அளக்காதீர்கள். காஸ்டிக்கைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைத் தொடவே கூடாது, அரித்து வாயு கிளம்பும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அச்சிலிருந்து எடுத்த சோப்பு நான்கிலிருந்து ஆறு வாரம் காய வேண்டும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

வடையைச் செய்தித்தாளில் வடிப்பதையும் இத்தோடு விட்டுவிடுங்கள். அச்சு மை உணவில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்துவிட்டது. வடிதட்டு எதற்கு இருக்கிறது?

கேள்வி: எலுமிச்சைத் தோலில் தரை துடைக்கும் திரவம் செய்யப் போட்ட கண்ணாடி பாட்டில் வெடித்துவிட்டது.
– வாசகர், மதுரை

பதில்: ஆள் தப்பித்தீர்களே தம்பி. வெல்லம் 100 கிராம், தோல் 300 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். நுரைத்து வாயு வரும், அதனால் பிளாஸ்டிக் பாட்டில்தான். கால்வாசி காலியாக விட்டு, முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து மூடுங்கள். மூன்று மாதத்தில் வடிகட்டலாம். தண்ணீர் கலந்து டைல்ஸ், குளியலறை துடையுங்கள். மார்பிள், மொசைக் தரைக்கு வேண்டாம், புளிப்பு மினுமினுப்பைத் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடரோடு எந்நாளும் கலக்கக் கூடாது, நச்சுப் புகை வரும்.

கேள்வி: பள்ளியில் ‘வீணான பொருளில் கைவினை’ கேட்கிறார்கள். தண்ணீர் பாட்டிலில் பூச்சாடி செய்யட்டுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பெயின்ட், ஜிகினா, பசை எல்லாம் புதிதாக வாங்கி ஒட்டிய பிறகு அந்த பாட்டிலைப் பழைய சாமான் கடைக்காரரும் எடுக்க மாட்டார். பையனுக்குப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொடுத்து, பழைய சட்டையில் பென்சில் பை தைத்து அனுப்புங்கள். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.

கேள்வி: பால் கவரைக் கழுவிக் காயப்போடுகிறேன். “எத்தனை ரூபாய் கிடைத்துவிடும்?” என்று கணவர் கேலி செய்கிறார்.
– வாசகி, சென்னை

பதில்: காசு சொற்பம்தான், அதை அவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் கழுவாத கவர் மறுநாளே நாறும், கடைக்காரர் வாங்க மாட்டார், குப்பையில் போட்டால் பால் வாசத்துக்கு மாடு தின்னும். கவரின் மூலையைத் துண்டாக நறுக்காதீர்கள். அந்த நகத்தளவுத் துண்டு யார் கையிலும் அகப்படாமல் சாக்கடைக்குப் போய்விடும். பாதி வெட்டித் தொங்கலாக விட்டால் போதும். அலசிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. காலைக் காப்பி அவருக்கும் சேர்த்துத்தானே? நாளையிலிருந்து கத்தரிக்கோலை அவர் கையில் கொடுங்கள்.