த்ரோ-இன் நேரத்தில் அவசரம் வேண்டாம்

கேள்வி: கூடைப்பந்து ஆட்டங்களுக்கு இப்போதுதான் நடுவராக நிற்க ஆரம்பித்திருக்கிறேன். பந்து வெளியே போனால் விசில் ஊதி, திசையையும் சரியாகத்தான் காட்டுகிறேன். ஆனால் பந்தை உள்ளே எறியும்போது (த்ரோ-இன்) ஒரே குழப்பம். கையில் கொடுக்க வேண்டுமா, தூக்கிப் போடலாமா? எறிபவர் எவ்வளவு நகரலாம்?

பதில்: குழப்பம் பெரும்பாலும் பந்தைச் சீக்கிரம் கொடுத்துவிடுவதால் வருவது. விசில் ஊதியதும் விரல்களைச் சேர்த்துக் கையை நேராக உயர்த்துங்கள். கடிகாரம் நிற்க அதுதான் சைகை. அப்புறம் திசை, அதன்பின் எறிய வேண்டிய இடம். இடத்தை விரலால் சுட்டிக் காட்டினாலே பாதி வாக்குவாதம் அடங்கிவிடும். கடைசியாகத் தொட்டது யார் என்று உங்களுக்கும் சக நடுவருக்கும் தெரியவில்லையா? ஊகிக்க வேண்டாம், அது ஜம்ப் பால் நிலை, அதாவது பந்து யாருக்கு என்று சொல்ல முடியாத நிலை. ஸ்கோர் எழுதுபவர்களின் மேசையில், அடுத்த முறை எந்த அணிக்கு என்று காட்டும் அம்புக்குறி முடிவு செய்யும்.

பந்து உங்களிடம் இருக்கும்போதே சக நடுவரை ஒரு பார்வை பாருங்கள். அவர் தன் இடத்துக்கு வந்துவிட்டாரா, ஆள்மாற்றம் ஏதாவது காத்திருக்கிறதா, மேசை தயாரா? எல்லாம் சரி என்றால் கொடுங்கள். ஃபிபா (FIBA, சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி கையில் கொடுக்கலாம், அல்லது தரையில் தட்டியோ தூக்கியோ போடலாம். ஆனால் வீரர் சரியான இடத்தில் இருக்க வேண்டும், நீங்கள் 4 மீட்டருக்குள் நிற்க வேண்டும். எதிரணி நெருக்கிப் பிடிக்கும் ஆட்டமென்றால் கையில் கொடுப்பதே நல்லது என்பேன்.

கொடுத்ததும் ஓரடி விலகி, எறிபவரின் கால், கோடு, எதிரில் தடுப்பவரின் கை மூன்றும் ஒரே பார்வையில் விழும்படி நில்லுங்கள். பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால், தடுப்பவர் கோட்டைத் தாண்டிக் கை நீட்டுவது தெரியாமல் போகும். எறிபவர் பந்தை விட்டாக வேண்டிய 5 விநாடியைக் கை அசைத்து எண்ணுங்கள். மனதுக்குள் எண்ணினால் யாரும் நம்ப மாட்டார்கள். உள்ளே தள்ளுமுள்ளுவைப் பார்ப்பது சக நடுவர் வேலை. உள்ளே ஒரு வீரர் பந்தைத் தொட்டதும் கையைக் கீழே வெட்டிக் காட்டுங்கள். கடிகாரம் அப்போதுதான் ஓட வேண்டும்.

நகர்வு பற்றி: பக்கவாட்டில் மொத்தம் 1 மீட்டர் வரை போகலாம். நேர் பின்னால் இடமிருக்கும் வரை எவ்வளவும் போகலாம். அதற்கு விசில் ஊதிவிடாதீர்கள், புதியவர்கள் அடிக்கடி ஊதுவது இதற்குத்தான். எதிரணி கூடை போட்ட பிறகு எண்ட் லைனுக்கு (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக் கோடு) பின்னாலிருந்து எறியும்போது இந்த 1 மீட்டர் கட்டுப்பாடே கிடையாது. ஓடலாம், கோட்டுக்கு வெளியே நிற்கும் சக வீரருக்கும் கொடுக்கலாம். 5 விநாடி மட்டும் அங்கும் உண்டு.