கந்தகத்துக்குக் கட்டுப்படாத வெள்ளைப் பூச்சு

கேள்வி: உத்தமபாளையம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறேன். கவாத்துக்குப் பின் துளிர்த்த இலைகளில் மஞ்சள் திட்டும் வெள்ளைப் பூச்சும் தெரிகின்றன. சாம்பல் நோய் என்று நினைத்து நனையும் கந்தகத்தை இரண்டு முறை தெளித்தும் நிற்கவில்லை. நாற்றுப் பைகளில் வைத்த குச்சிகளிலும் கரும்புள்ளிகள் வந்திருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். காலையில் ஈரம் காய்வதற்குள் பார்ப்பது நல்லது. மேற்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சள் திட்டு, அதற்கு நேர் அடியில் வெண்பஞ்சு என்றால் அது அடிச்சாம்பல் நோய். வெண்துகள் மேற்புறத்திலேயே படர்ந்து, தேய்த்தால் விரலில் ஒட்டுமானால்தான் சாம்பல் நோய். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதலாவதாகவே தெரிகிறது.

அடிச்சாம்பலை உண்டாக்கும் பிளாஸ்மோபாரா உண்மையில் பூஞ்சையே அல்ல. பழுப்புப் பாசிகளுக்கு உறவான உயிரி. அதன் வித்துகள் இலையில் தங்கிய நீரில் நீந்திப் போய் இலைத்துளை வழியே நுழைகின்றன. கந்தகமோ கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியோ அதை ஒன்றும் செய்யாது. கடையில் எடுத்து நீட்டினாலும் இந்த நோய்க்கு வாங்காதீர்கள்.

இதற்கென்றே 1885-இல் பிரான்ஸின் போர்டோ பகுதியில் தாவரவியலாளர் மில்லார்டே அறிமுகப்படுத்திய போர்டோ கலவை இன்றும் கைகொடுக்கிறது. 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் நீரில் கரையுங்கள். 1 கிலோ நல்ல சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில் நீற்றி வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. துடைத்த கத்தி முனையைக் கலவையில் சற்று நேரம் அமிழ்த்துங்கள்; செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். கலக்கிய அன்றே, இலையின் அடிப்புறம் நனையத் தெளித்துவிடுங்கள். பூக்கும் சமயத்தில் வேண்டாம்.

போர்டோ கலவை காவல்தான். இலைக்குள் புகுந்துவிட்ட நோயை விரட்டாது. அதற்கு மெட்டலாக்சில்–மாங்கோசெப் கூட்டு மருந்தை உறையில் சொன்ன அளவில் தெளிக்கலாம். அதையே திரும்பத் திரும்பத் தெளித்தால் நோய்க்கிருமி பழகிவிடும். அறுவடைக்கு முந்தைய காத்திருப்பு நாட்களையும் பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டம் காய்ப்பில் இருப்பதால், அக்கம்பக்கத்திலிருந்து வித்து வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே மருந்தை நம்புவதைவிடப் பந்தலுக்குள் காற்றோட்டம் கிடைக்க வேண்டாத தளிர்களைக் கிள்ளுவது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நாற்றுக் குச்சியில் புள்ளி குழிந்து, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் கருமையும் இருந்தால் அது பறவைக்கண் நோய். குச்சியிலேயே தங்கி வரும் பூஞ்சை இது. அவற்றைக் காப்பாற்றப் பார்க்காமல் எரித்துவிட்டு, புள்ளியில்லாத கொடியிலிருந்து புதிதாக வெட்டுங்கள். பைகளுக்கிடையே இடைவெளி விட்டு, தண்ணீரைக் காலையில் வேர்ப்பகுதியில் மட்டும் ஊற்றுங்கள்.

மிஞ்சிய கந்தகத்தை எறிய வேண்டாம். மழை விட்டு வறண்ட மேகமூட்டம் வரும்போது சாம்பல் நோய் தலைகாட்டும், அப்போது உதவும். கடும் வெயிலில் மட்டும் தெளிக்காதீர்கள், இலை கருகும்.