பாசியைப் படித்தால் சோறு கிடைக்குமா?

அன்புள்ள அம்மா,

போன சனிக்கிழமை மகளோடு வந்திருந்தபோது, கிளம்பும் நேரத்தில் வாசலில் நின்று கேட்டீர்கள்: "கடற்பாசியைப் படிச்சா யார் சார் வேலை குடுப்பாங்க?" அன்றைக்கு அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். அது சரியான பதில் இல்லை.

கடற்பாசியில் புற்றுநோய்க்கு மருந்து தேட வேண்டும் என்று அவள் சொல்வது வெறும் கனவு இல்லை. மைட்டோகாண்ட்ரியா செல்லுக்கு ஆற்றல் தருவது என்று நாமும் பள்ளியில் படித்திருக்கிறோம். செல்லைச் சாகச் சொல்லும் உத்தரவும் பல நேரம் அங்கிருந்துதான் வருகிறது. அதிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிந்தால் செல் தன்னையே அழித்துக்கொள்ளும். பல புற்றுநோய்ச் செல்கள் அந்தக் கசிவை அடைத்துவைத்துப் பிழைக்கின்றன. பழுப்புப் பாசிகளில் உள்ள ஃபியூகோசாந்தின் என்ற நிறமி, ஆய்வகத்தில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களில் அந்த அடைப்பைத் திறப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ராமநாதபுரம் கரையில் கட்டக்கோரை என்பார்களே, அதுவும் பழுப்புப் பாசிதான்.

ஆனால் ஆய்வகத் தட்டு வேறு, மனித உடம்பு வேறு. கடற்பாசிச் சேர்மம் எதுவும் இன்னும் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெறவில்லை. கரீபியன் கடற்பஞ்சில் 1950களின் தொடக்கத்தில் கண்டெடுத்த சேர்மங்களின் வழியாக வந்த சைட்டராபின் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்துகூட 1969-ல்தான் அனுமதி பெற்றது. இதை மகளிடமும் ஒளிக்காமல் சொன்னேன். (சிகிச்சையில் இருக்கும் உங்கள் அண்ணனுக்குப் பாசி மாத்திரை வாங்கித் தர யோசிப்பதாகச் சொன்னீர்கள். மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம் அம்மா. பழுப்புப் பாசியில் அயோடின் மிக அதிகமாக இருக்கலாம்.)

சரி, என்ன படிக்கலாம்? 'மரைன் பயோடெக்', 'கேன்சர் பயாலஜி' என்று பெயரிலேயே ஈர்க்கும் இளநிலைப் படிப்புகள் இப்போது வேண்டாம். பி.எஸ்சி. வேதியியல் அல்லது உயிர்வேதியியல் எடுக்கட்டும். ஒரு பாசிச் சாற்றில் எத்தனையோ சேர்மங்கள் கலந்து கிடக்கும். அதிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து, சுத்தம் செய்து, இன்னதென்று நிரூபிப்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை. கலவையில் உள்ள சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியைத் தானே இயக்கத் தெரிந்தவரை மருந்து கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவும் தேடும். ஆராய்ச்சி கைகூடத் தாமதமானாலும் சம்பளத்துக்கு வழி இருக்கும். அதனால் கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தனியே கூப்பிட்டு, "கருவியை நீயே தொட்டிருக்கியாம்மா?" என்று கேளுங்கள்.

அப்புறம் எம்.எஸ்சி.க்கு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் இருக்கிறது. எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.களுக்கும் வழி உண்டு. சி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு) பெயரில் நடக்கும் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் ஆய்வு செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பாசி ஆய்வுக்கென்றே மண்டபத்தில் சி.எஸ்.ஐ.ஆரின் நிலையம் ஒன்று இயங்குகிறது.

முனைவர் பட்டம்வரை போனால் ஒன்பது, பத்து வருடம் ஆகும். அவ்வளவு நாள் வீடு தாங்குமா என்பதை அவள் அப்பாவையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். அடுத்த முறை வரும்போது நீங்கள் பார்த்த கல்லூரிகளின் பட்டியலையும், அந்த மாணவிகள் சொன்ன பதில்களையும் எழுதி எடுத்து வாருங்கள்.