திரையில் 66, தானியத்தில் 63: மின் அண்டாவில் மேஷ் வெப்பநிலை

மின் அண்டாவில் பீர் காய்ச்சும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், மேஷ் கட்டத்தை, அதாவது உடைத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியத்தை) வெந்நீரில் ஊறவைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் கட்டத்தை ஒட்டியவற்றுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன். வீட்டுத் தேவைக்குக் காய்ச்ச அனுமதியுள்ள பிரிட்டன் போன்ற நாடுகளில் வாழ்வோருக்கானவை இவை. தமிழ்நாட்டில் இது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: கட்டுப்பாட்டுக் கருவியின் திரை 66 டிகிரி செல்சியஸ் காட்டும்போது, தானியத்தின் நடுவில் செருகிய வெப்பமானி 63 காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே நம்பலாம், அவை வெவ்வேறு இடங்களை அளக்கின்றன, அவ்வளவே. பெரும்பாலான அண்டாக்களில் உணரி அடிப்பாகத்தில், சூடேற்றிக்கு அருகிலேயே இருக்கிறது. வெறும் நீராக இருந்தால் சூடானது மேலெழுந்து, குளிர்ந்தது கீழிறங்கி, சிறிது நேரத்தில் எல்லாம் ஒன்றாகிவிடும். கூழ்போல் இறுகிய தானியப் படுகையோ அந்த இயல்பான சுழற்சியைத் தடுத்துவிடுகிறது. பம்ப் மேலே கொண்டுவந்து ஊற்றும் வோர்ட், அதாவது மால்ட்டின் சர்க்கரை கரைந்த நீர், எந்த வழியாக வடிகிறதோ, அந்த வழியில்தான் சூடு பரவுகிறது.

அப்படியானால் திரையில் 69 அல்லது 70 என்று வைத்து நடுப்பகுதியை 66-க்குக் கொண்டுவரலாமே என்று தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது. மேஷ் தொடங்கிய சிறிது நேரத்திலேயே நொதிகள் தானியத்திலிருந்து கரைந்து வோர்ட்டில் சேர்ந்துவிடுகின்றன. அந்த வோர்ட்தான் திரும்பத் திரும்பச் சூடேற்றியைக் கடந்து போகிறது. 60 முதல் 65 டிகிரி வரை சுறுசுறுப்பாக இயங்கும் பீட்டா அமிலேஸ் என்ற நொதி, 70-ஐ நெருங்கும்போது விரைவாகச் சிதைந்துவிடும். 68 முதல் 72 வரை நன்றாக வேலை செய்யும் ஆல்ஃபா அமிலேஸ் மட்டும் மிஞ்சினால், ஈஸ்ட்டால் நொதிக்க இயலாத பெரிய சர்க்கரைகள் அதிகமாகி, பீர் கனத்துப் போகும். எனவே நொதிகளின் ஆயுளைத் தீர்மானிப்பது அண்டாவின் மிகச் சூடான இடமே தவிர, சராசரி வெப்பநிலை அல்ல. உணரி சூடேற்றிக்கு அருகில் இருப்பதைக் குறையாக நினைக்காமல், அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மால்ட்டைக் கொட்டியதும் பம்பை ஓட்டாமல் பத்து நிமிடம் கிளறிக் கட்டிகளை உடைத்துவிடுங்கள். பிறகு சுழற்சியைத் தொடங்கி, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை துடுப்பை அடிவரை விட்டுக் கிளறுங்கள். அண்டாவைச் சுற்றி ஒரு காப்புறையும் போடுங்கள். வேறுபாடு ஒரு டிகிரிக்குள் வந்துவிட்டால் அதற்கு மேல் அதைத் துரத்த வேண்டாம்.

கேள்வி: வைத்த வெப்பநிலைக்கும் உணரி காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துச் சூடேற்றியைக் கூட்டிக் குறைக்கும் பிஐடி கருவியைத் தானியங்கி முறையில் சரிசெய்த பிறகும், 66 என்று வைத்தால் 69 வரை ஏறி, பிறகு இறங்கி, ஊசலாடிக்கொண்டே இருக்கிறது. என்ன தவறு?

பதில்: அந்தச் சரிசெய்தலை வெறும் நீரை வைத்துச் செய்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தானியம் சேர்ந்ததும் சூடு உணரியை எட்டும் நேரம் நீண்டுவிடுவதால், நீருக்குப் பொருந்திய எண்கள் மேஷுக்குப் பொருந்துவதில்லை.

கணக்கிட்டுப் பாருங்கள். 25 லிட்டர் நீரும் 5 கிலோ மால்ட்டும் ஒரு டிகிரி உயர ஏறத்தாழ 113 கிலோஜூல் வேண்டும். 2,400 வாட் சூடேற்றி நிமிடத்துக்கு 144 கிலோஜூல் தருகிறது; அதாவது நிமிடத்துக்கு ஒன்றேகால் டிகிரி. சூடு உணரியை எட்ட இரண்டு நிமிடம் தாமதமானால், கருவி விழித்துக்கொள்வதற்குள் இரண்டரை டிகிரிக்கான வெப்பம் உள்ளே போய்விட்டது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் அடுத்த தோசையைக் கருக்குவதைப் போன்றதுதான் இது.

ஆகவே மேஷின்போது சூடேற்றியின் உச்சத் திறனை 25 அல்லது 30 சதவீதமாகக் கட்டுப்படுத்துங்கள். காப்புறையிட்ட அண்டாவில் வெப்பநிலையைத் தாங்கிப் பிடிக்கச் சில நூறு வாட்டே போதும். மேலும், மால்ட்டைக் கொட்டும்போது நீரின் சூட்டைச் சரியாக வைத்துவிட்டால் கருவிக்கு ஏற்றுகிற வேலையே இராது. மேற்கண்ட அளவுகளில், 20 டிகிரியில் உள்ள மால்ட்டுக்கு நீர் ஏறத்தாழ 70 டிகிரியில் இருந்தால், கலவை 66-இல் வந்து நிற்கும். இதற்குப் பிறகும் ஊசலாட்டம் இருந்தால் மட்டுமே பிஐடி எண்களைத் தொடுங்கள்; அப்போதும் முதலில் தொகையீட்டுப் பங்கை, அதாவது வேறுபாட்டை நேரப்போக்கில் கூட்டிக்கொண்டே போகும் ‘ஐ’ விளைவைக் குறையுங்கள்.

கேள்வி: கோதுமை பீர் காய்ச்சும்போது சுழற்சி நின்றுபோய், சூடேற்றியின் மேல் கருகல் படிந்துவிட்டது. பம்ப் பழுதா?

பதில்: பம்ப் நன்றாக இருப்பதுதான் சிக்கல். வோர்ட் வடிவதை விட வேகமாக அது உறிஞ்சுவதால் தானியப் படுகை இறுகி, கீழே நீர்மட்டம் தாழ்ந்து, சூடேற்றி அசையாத சர்க்கரைக் கரைசலை எரிக்கிறது. பம்புக்கு அடுத்துள்ள வால்வைப் பாதி மூடுங்கள். மால்ட்டைச் சற்றுக் கொரகொரப்பாக உடையுங்கள். கோதுமையில் உமி இல்லாததால் படுகையில் இடைவெளி குறைவு. தானிய எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை கழுவிய நெல் உமியைச் சேர்ப்பது வழக்கம். நம் ஊர் அரிசி ஆலைகளின் பின்புறம் மலையாகக் குவிந்து கிடக்கும் அதே உமியைத்தான் இங்கே பொட்டலம் போட்டு விற்கிறார்கள்.

கேள்வி: பிடி 100 உணரி எப்போதும் ஒன்றரை டிகிரி கூடுதலாகவே காட்டுகிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் கம்பியைப் பாருங்கள். இந்த உணரியின் மின்தடை பூஜ்ஜியம் டிகிரியில் 100 ஓம். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.385 ஓம் கூடும். இரண்டு கம்பிகளால் மட்டும் இணைத்திருந்தால், அரை ஓம் கம்பித்தடையே ஒரு டிகிரிக்கு மேல் பிழையைத் தந்துவிடும். மூன்று கம்பி இணைப்பு இதை ஈடுகட்டும். பனிக்கட்டி நீரில் சரிபார்ப்பதோடு நில்லாமல், நம்பகமான வெப்பமானியுடன் ஒப்பிட்டு 66 டிகிரியிலும் ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: வெப்பநிலை எட்டிய பிறகும், கருவியை அணைத்த பிறகும் சூடேற்றி எரிந்துகொண்டே இருக்கிறது.

பதில்: உடனே மின்சுற்றை நிறுத்துங்கள்; சூடேற்றிக்கு மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் வரும் மின்னணு ஸ்விட்சான எஸ்எஸ்ஆர் ரிலே போய்விட்டது. இவ்வகை ரிலேக்கள் பழுதாகும்போது பெரும்பாலும் மின்சாரத்தைத் துண்டிக்காமல் கடத்தும் நிலையிலேயே சிக்கிக்கொள்கின்றன. 230 வோல்ட்டில் 2,400 வாட் என்றால் பத்து ஆம்பியருக்கு மேல். அந்த அளவில் ரிலே தானே பத்து வாட்டுக்கு மேல் வெப்பம் உமிழும் என்பதால், போதுமான வெப்பக் கடத்தித் தகடு இல்லாமல் மூடிய பெட்டிக்குள் அதை வைக்கக் கூடாது. புதியதை மாட்டும்போது, அதனுடன் தொடர் இணைப்பில் ஒரு காண்டாக்டரையும் (மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்), கைக்கெட்டும் இடத்தில் அதைத் துண்டிக்கும் பொத்தானையும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி காப்பையும் பொருத்தி, அண்டாவின் உடல் எர்த் கம்பியுடன் சரியாக இணைந்திருக்கிறதா என்பதைத் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்த பிறகே அடுத்த முறை காய்ச்சுங்கள்.