ஏக்கருக்கு 12 டன் வெண்டை கிடைக்குமா?

கேள்வி: "ஏக்கருக்கு 12 டன், நரம்புத் தேமல் நோய் அறவே தாக்காது" என்ற விளம்பரத்தை நம்பி வீரிய ஒட்டு (ஹைபிரிட்) வெண்டை விதை வாங்கி மாசியில் விதைத்தேன். நாற்பதாம் நாளிலேயே பாதிச் செடிகள் மஞ்சளாகிவிட்டன. கடைக்காரர் என் நிலத்தின் மீது குறை சொல்கிறார். அடுத்த பட்டத்துக்கு விதையை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: முதலில் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். முளைப்புத்திறன், புறத்தூய்மை (தூசியும் பிற விதையும் கலவாமை), இனத்தூய்மை (வேறு ரகம் கலவாமை), குவியல் எண் (ஒரே தொகுதி விதைக்குத் தரும் எண்), பரிசோதனை நாள், காலாவதி நாள் ஆகியவை அங்கே இருக்கும். டன் கணக்கு அந்த விவரச்சீட்டில் இராது. வெண்டைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 65 சதவீதம் என்பது போன்ற அளவுகளுக்குத்தான் விதைச் சட்டத்தின் பிடி உண்டு. முன்பக்கத்தில் அச்சிட்ட மகசூலை எந்தப் பரிசோதனை நிலையமும் அளந்து பார்ப்பதில்லை.

அந்த 12 டன்னையே எடுத்துக்கொள்வோம். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தன் அர்க்கா அனாமிகா ரகத்துக்குக் கூறும் மகசூல் எக்டருக்கு 20 டன், அதாவது ஏக்கருக்கு 8 டன். அதுவும் செடி 130 நாள் நோயின்றி நின்று, பறிப்பும் தவறாமல் நடந்தால்தான். வீரிய ஒட்டு இதைத் தாண்டக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எந்த மண்ணில், எந்தப் பட்டத்தில், எத்தனை பறிப்பில் என்று சொல்லாத கணக்கை நான் நம்புவதில்லை.

இலை நரம்புகளை மஞ்சளாக்கும் இந்த வைரஸ் நோய் விஷயத்தில் விதை நிறுவனத்தை மட்டும் குறைகூற இயலாது. அர்க்கா அனாமிகாவே காட்டு வெண்டை இனம் ஒன்றிலிருந்து எதிர்ப்புத் தன்மையைப் பெற்று, நரம்புத் தேமலை எதிர்க்கும் ரகமாக வெளிவந்ததுதான்; பின்னாளில் பல இடங்களில் அதுவும் நோய்க்கு ஆளாயிற்று. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் எதிர்ப்புத் தன்மை நிலையான சொத்து அன்று. மேலும், மாசியில் விதைத்த பயிர் இளஞ்செடியாக நிற்கும்போதே வெயில் ஏறி, நோயைப் பரப்பும் வெள்ளை ஈ பெருகிவிடுகிறது. காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெண்பொடி தூவியது போல் ஒட்டியிருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் காய்ப்பு ஓய்ந்த பழைய வெண்டை நின்றிருந்தால் அங்கிருந்தே நோய் வந்திருக்கலாம். எனினும், "அறவே தாக்காது" என்று எழுதியவர் இவற்றையெல்லாம் அறிந்தே எழுதியிருக்கிறார் என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த முறை, நீங்கள் விதைக்கப்போகும் அதே பட்டத்தில் அந்த ரகத்தைப் பயிரிட்ட ஒருவரின் தோட்டத்துக்கு ஐம்பதாம் நாள் வாக்கில் சென்று, ஒரு வரிசையில் நூறு செடிகளை எண்ணி, மஞ்சள் கண்டவை எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆடிப்பட்டத்துச் செழிப்பைப் பார்த்து மாசிக்கு விதை வாங்குவது பலரும் செய்யும் தவறு. வாங்கிய பிறகும் முதல் போகத்தில் ஐந்து சென்ட்டுக்கு மேல் வேண்டாம்; பக்கத்திலேயே உங்கள் பழைய ரகத்தையும் ஐந்து சென்ட் விதைத்து, ஒவ்வொரு பறிப்பின் எடையையும் தனித்தனியே எழுதி வாருங்கள்.

குவியல் எண் எழுதிய ரசீது, காலி பாக்கெட், ஒரு கைப்பிடி விதை ஆகியவற்றை அறுவடை முடியும்வரை வைத்திருங்கள். புகார் தருவதாயின் பயிர் நிற்கும்போதே விதை ஆய்வாளரிடம் எழுத்தில் தாருங்கள். உழுதுவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இராது. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்திருப்பதால் நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம்.

கேள்வி: நன்றாகக் காய்த்த வீரிய ஒட்டு வெண்டையிலிருந்து நானே விதை எடுக்கலாமா?
– தாராபுரம் வாசகி

பதில்: எடுத்தால் முளைக்கும், ஆனால் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து, ஒரே வரிசையில் நெட்டையும் குட்டையும் கலந்து நிற்கும். விதை எடுக்க விரும்பினால் ஒட்டு அல்லாத ரகத்தைத் தேர்ந்து, வேறு வெண்டை அருகில் இல்லாத இடத்தில் வளர்த்து, நோயற்ற செடிகளில் சில காய்களைப் பறிக்காமல் முற்றவிட்டு, விளிம்பு வெடிக்கத் தொடங்கும் நேரத்தில் எடுங்கள்.