ஆச்சியை உள்ளே கூப்பிடுங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. பாளையங்கோட்டையில் வேலை. நாலு பேர் முன்னால் பேச எழுந்தால் குரல் அடைத்துக்கொள்கிறது. தோழி சொன்னதால் ஞாயிறுதோறும் நாடகப் பயிற்சிக்குப் போகிறேன். அங்கே வசனம் கிடையாது; அந்த நேரத்தில் தோன்றுகிற சத்தத்தையும் அசைவையும் கொண்டுவரச் சொல்கிறார்கள். நான் மரம் மாதிரி நிற்கிறேன். வீட்டில் பழகலாம் என்றால் ஆச்சி ஏதாவது முனகிப் பாடிக்கொண்டே இருப்பார். அவரைத் திண்ணைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திய பிறகே தொடங்க முடிகிறது. பயிற்சியை விட்டுவிடட்டுமா?
வாசகி, சேரன்மகாதேவி

பதில்: கூச்சத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் நிறைய எழுதியாயிற்று. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய திண்ணை எனக்கு உறுத்துகிறது. வயசான காலத்தில் ஒருவரை அவர் வீட்டிலிருந்தே வெளியே அனுப்புவது தப்பு. உங்கள் குரல் சரியாவதற்காக என்றாலும் தப்பு.

ஆச்சி என்ன பாடுகிறார் என்று ஒருநாளாவது நின்று கேட்டீர்களா? அந்தத் தலைமுறைப் பெண்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் எழுதிவைத்துப் பாடவில்லை. மெட்டு பழையது. பிள்ளையின் பெயர், மாமன் கொண்டுவந்த சீர், செத்தவர் கடைசியாகக் கேட்ட காப்பி எல்லாம் பாடும்போதே வந்து விழும். பயிற்சியில் உங்களிடம் கேட்பதும் இதுவே. அந்தப் பெண்களுக்கு மெட்டு என்ற பிடி இருந்தது. உங்களுக்குப் பிடி இல்லை, அதனால் உடம்பு விறைக்கிறது.

கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். புலவர் ஒரு அடி பாடுவார். குடம் அடிப்பவரும் உடுக்கைக்காரரும் அதை வாங்கிப் பாடி, 'ஆமா' போடுவார்கள். அந்த இடைவெளியில் புலவர் அடுத்த அடியைப் பிடித்துவிடுவார். வில்லின் நாணில் அடிக்கிற வீசுகோலைப் பிடித்த அவர் கையும் சும்மா இருக்காது, கதையின் வேகம் முழுக்க அந்தக் கையில் இருக்கும். வில்லடியில் தனியாளாக யாரும் உட்காருவதில்லை. உங்களுக்குப் பின்பாட்டு பாட வேண்டியவரை நீங்கள் வெளியே வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்.

பயிற்சியை விடாதீர்கள். ஆனால் முதலில் ஆச்சியை உள்ளே கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள். ஒரு அடி பாடச் சொல்லுங்கள். அதன் கடைசிச் சொல்லைப் பிடித்து, அன்றைக்கு ஆபீஸில் நடந்ததை அதே மெட்டில் பாடுங்கள். கும்மிக்குக் கை தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். அப்புறம் குலவை போடக் கேட்டுப் படியுங்கள். நாக்கு வேகமாகச் சுழல வேண்டும், மூச்சு அடிவயிற்றிலிருந்து வரவேண்டும். பயந்து பயந்து போட்டால் குலவை வராது.

ஆச்சி சிரிப்பார். சிரிக்கட்டும். சொந்த வீட்டுக் கிழவி சிரிப்பதற்கே கதவைச் சாத்துகிறவர், ஆபீஸில் மேனேஜர் முகம் சுளித்தால் என்ன செய்வீர்கள்?